பதினேழு ஃபோல்டர்கள்

"வெறும் குப்பைண்ணே" என்று சொல்லிவிட்டு முகைதீன் பாய் படியிறங்கிப் போய்க் கால்மணி நேரம் ஆகிவிட்டது. அந்தச் சொல் மட்டும் இறங்கிப் போகாமல் அறைக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தணிகாசலம் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் இருந்தார். வலது கை மவுஸின் மேல். மவுஸ் பிசுபிசுத்தது. வடை தின்ற கை, மூக்கைச் சிந்திய கை, வேட்டியில் துடைத்தும் துடைக்காத கை என்று சங்கத்தின் எல்லாக் கைகளும் அதில் ஒரு பூச்சு விட்டுவைத்திருந்தன, அதற்கும் மேலே இப்போது அவர் கை. கீபோர்டின் இடுக்குகளில் மிக்சர் துணுக்கு, தலைமுடி, ஓர் எறும்பின் பாதி உடம்பு. இத்தனை வருடமாக இதைப் பார்க்காமல் எப்படி இருந்தோம் என்று நினைத்தார், நினைத்ததும் நாக்கடியில் புளிப்பு ஊறியது. ராணிப்பேட்டையில் தோல் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பத்தோரு வருடமாக அவர்தான் செயலாளர். உரக்கடை மாடியில் இந்த ஒற்றை அறை. கீழேயிருந்து யூரியா நெடி, சன்னலைத் திறந்தால் தோல் பதனிடும் ஷாப்புகளின் நெடி. சுண்ணாம்பும் அழுகிய ஜவ்வும் கலந்த அந்த நாற்றம் ஐம்பது வருடமாக அவர் சட்டைக் காலரில் குடியிருக்கிறது, ஒருநாளும் அருவருத்ததில்லை, அது உழைப்பின் வாசனை என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். இன்று குமட்டியது. மணி மூன்றரை. ஐந்து மணிக்கு நிர்வாகக் குழு. ஐந்து மணிக்கு, கூட்டக் குறிப்பு அடிக்கும் எஸ்தரைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தை அவர் முன்மொழிய வேண்டும். அதற்கு ஆதாரம் இந்தத் திரையில் வரிசை கட்டி நிற்கும் பதினேழு மஞ்சள் ஃபோல்டர்கள். அந்த ஆதாரம் குப்பை என்று ஒரு மனிதர் இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டு, வரவழைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

பாயை அவரேதான் கூப்பிட்டார். முத்துக்கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், நாற்பத்தைந்து வயது, வாயில் எப்போதும் ஏலக்காய். "பூட்டியிருக்கற இதுங்களை உடைச்சுக் குடு பாய், உள்ள இருக்கறத அஞ்சு மணிக்கு நான் கமிட்டிக்குக் காட்டணும்" என்று சொன்னபோது தணிகாசலத்தின் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பெயர் என்று இருபது எழுத்துக்கு மேல், எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் மாறிமாறி, வாயில் நுழையாத சங்கேதம். "தொறந்தா உங்களுக்கு அனுமதியில்லைங்குது பாய். என் சங்கத்துப் பெட்டியில எனக்கு அனுமதியில்லையாம். அப்ப யாருக்கு?" என்று கேட்டார். "மிஷினுக்குண்ணே" என்றார் பாய், சிரிக்காமல். பிறகு எதையோ தட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே இன்னொரு ஃபோல்டர், அதற்குள் ஒன்றுமில்லை. "இன்னொண்ணத் தொற" என்றார் இவர். அதிலும் ஒன்றுமில்லை. பாய் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து சொன்னார்: "மாசம் ஒருக்கா மிஷின் தன்னைத்தானே புதுப்பிச்சுக்கும்ணே. அதுக்கு வேண்டிய சாமான் நெட்டு வழியா மூட்டையா வரும். மூட்டையப் பிரிக்க இடம் வேணுமில்ல, எங்க காலியா இருக்குதோ அங்க வாய்க்கு வந்த பேர்ல ஒரு ஃபோல்டரப் போட்டு அதுல பிரிக்கும். வேல முடிஞ்சா எடுத்துட்டுப் போவணும். சில மிஷின்ல எடுக்காது. பந்தி முடிஞ்சு எச்சில் எல எடுக்காமப் போனா மாதிரி." தணிகாசலம் விடவில்லை. "தேதியப் பாரு. எல்லாம் எங்க கமிட்டி நடக்கற ரெண்டாவது புதன்." "வேற எந்த நாள்ல மிஷினப் போடுவீங்க?" "அன்னிக்கு மட்டுந்தான். எஸ்தர் வந்து மினிட்ஸ் அடிக்கும்." "அப்ப அன்னிக்குத்தானண்ணே வரும். மூடிக் கெடக்கற மிஷினுக்கு எப்படி வரும்? அதுவுமில்லாம இதை வெளியில விடறவங்க ஊர்ல செவ்வாய்க்கெழம விடுவாங்க, நமக்கு விடிஞ்சா புதன். நீங்களும் புதன்ல கமிட்டி வெச்சிருக்கீங்க. அவ்ளோதான் கத." அவ்வளவுதான் கதை. பாய் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து வரிவரியாக எதையோ அடித்து, பதினேழுக்கும் உரிமையாளர் பெயரை மாற்றிவிட்டு எழுந்தார். "இப்ப இதெல்லாம் உங்க சொத்துண்ணே. ஷிப்டப் புடிச்சுக்கினு டெலீட்டத் தட்டுங்க, ஒரேயடியாப் போயிடும்." சொத்து. அறுபத்தொன்பது வயது வரைக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை, அதைப் பெருமையாக எழுதியும் பேசியும் திரிந்தவனுக்குக் கடைசியில் பதினேழு எச்சில் இலை சொத்து.

ஒழுங்கு இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறான். இது யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தோல் ஷாப்பு வாசலில் கொடுத்த துண்டுப் பிரசுரங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தமிழே முழுசாக வந்தது. கூலி, உபரி, சுரண்டல், உலக வரலாறு எல்லாம் அரைத்தாள் அரைத்தாளாகத்தான் தலைக்குள் போயின. நெருக்கடி நிலைக் காலத்தில் பத்தொன்பது வயதில், தலைமறைவாக இருந்தவர்களுக்குக் கடிதம் கொண்டுபோகிற வேலை. ஆற்காட்டில் ஒரு டெய்லர் இருந்தான், எல்லாருக்கும் வேண்டியவன், கூட்டம் நடக்கிற நாளில் மட்டும் சொல்லிவைத்த மாதிரி ஏழு மணிக்குக் கடையைச் சாத்துவான். அந்த ஏழு மணியை முதலில் கண்டுபிடித்தது தணிகாசலம். அவன் போலீஸ் ஆள் என்று பிறகு நிரூபணமானது. தோளில் தட்டி, "உனக்குக் கண்ணு இருக்குதுடா" என்றார்கள். அந்த ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் ஓட்டியாயிற்று. தற்செயல் என்ற சொல்லையே அவர் நம்புவதில்லை, அது முதலாளிகள் பத்திரிகையில் எழுதுகிற சொல். ஆகவே ஜனவரியில் வேலைநிறுத்தம் குலைந்தபோது, பொங்கலுக்கு ஏற்றுமதிச் சரக்கு கிளம்புகிற வாரத்தில் பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை தோல் ஊறிச் சுற்றும் டிரம்முகளை நிறுத்துவது என்று ஆறு பேர் கொண்ட குழு காதும் காதும் வைத்த மாதிரி முடிவெடுத்திருக்க, சனி ஞாயிறிலேயே கம்பெனி சரக்கு முழுவதையும் லாரி ஏற்றி அனுப்பிவிட்டு, வெளியூர்க் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திங்கட்கிழமை வாசலில் போலீஸ் வேனோடு காத்திருந்தபோது, பதினோரு பேர் வேலையிழந்து வீட்டுக்குப் போனபோது, அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறான். குழுவில் ஆறு பேர், மினிட்ஸ் அடித்த எஸ்தர் ஏழு. பழைய கடிதம் ஒன்றைத் தேடப்போய் இந்த ஃபோல்டர்கள் கண்ணில் பட்டன, தேதியைப் பார்த்தார், எல்லாம் கமிட்டி நாள். அப்போது அவருக்கு வந்தது கோபமல்ல. வந்தது சந்தோஷம். பத்தொன்பது வயதுக் கண் இன்னும் மங்கவில்லை என்ற சந்தோஷம். பதினோரு குடும்பம் அடுப்பை யோசித்துக்கொண்டிருந்தபோது இவர் இங்கே தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்திருக்கிறார்.

முதல் ஃபோல்டரைத் தொட்டு, ஷிப்டை அழுத்தி, டெலீட்டைத் தட்டினார். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றார். போய்விட்டது. சத்தமில்லை, புகையில்லை. இரண்டாவதும் போயிற்று. இவ்வளவு லேசாகப் போகிறதைக் காட்டித்தான் ஒரு மனுஷியைக் கருங்காலி என்று எழுதினோமா. பிரசுரத்தில் பெயர் போடவில்லை, அது அவருடைய பழைய சாமர்த்தியம், 'நம் சங்கத்தின் எழுத்துக்களில் விரல் வைத்த கை, பதினாறு முறை, பதினாறு கமிட்டி நாட்களில், நம் ரகசியங்களை எதிரியின் மடியில் கொட்டியது' என்று எழுதினார். அந்த வரியை எழுதி முடித்ததும் எழுந்து நின்று ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தார், நன்றாக வந்திருந்தது. இந்த வாரம் திங்கட்கிழமை காலை ஷிப்டு வாசலில் தானே நின்று கொடுத்தார். மதியம் எஸ்தர் வந்தாள். ஐம்பது வயது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை, டிரம் பிரிவில் இருந்து நெஞ்சு கெட்டுச் செத்த சாலமோனின் மனைவி. ஒன்பது வருடமாகச் சங்கத்துக்கு மினிட்ஸ் அடிக்கிறாள். கையில் பிரசுரம், நான்காக மடித்தது. அழுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்து இவர் தயாராக இருந்தார். "இதுல நாலு எழுத்துப்பிழை இருக்குது தோழரே" என்றாள். "என்னாண்ட குடுத்திருந்தா திருத்திக் குடுத்திருப்பேன்." "நக்கல் பண்றியா?" "இல்ல தோழரே. ஒம்போது வருஷமா உங்களத் திருத்துன கண்ணு, தன்னால போவுது." "அந்த ஃபோல்டருங்க இன்னா? பதில் சொல்லு எஸ்தர்." "கமிட்டியில கேளுங்க. அங்க சொல்றேன்." "இப்பவே சொல்லு." "இப்ப சொன்னா நீங்க மட்டுந்தான் கேப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசுரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பதில் இல்லாதவள் பேசுகிற பேச்சு என்று அப்போது நினைத்தார். இப்போது யோசித்தால் அந்த ஒரு வாக்கியத்துக்கு முப்பத்தோரு வருடத்துச் செயலாளரை எடை போடுகிற கனம் இருந்தது. மூன்றாவது ஃபோல்டர். நான்காவது. செவ்வாய்க்கிழமை காலை டீக்கடையில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தோழரே, பிரசுரம் நல்லா வேல செய்யுது. அந்தம்மா வீட்டு வாசல்ல ஒரு கூடை தோல் கழிவக் கொட்டிட்டுப் போயிருக்கானுவ." அப்படிச் செய்யக்கூடாது என்று இவர் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்தார். கூடைக் கழிவு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா, தோலிலிருந்து சுரண்டி எடுத்த ஜவ்வும் கொழுப்பும் மயிரும், வெயிலில் ஒருமணி நேரத்தில் புழு வைக்கும், தண்ணீர் ஊற்றினால் போகாது, வழுக்கும், கையால்தான் வழித்தெடுக்க வேண்டும். கையால் வழித்தெடுத்திருப்பாள். அந்தக் கையைத்தான் அவர் எழுதினார். ஐந்தாவது ஃபோல்டரை நீக்கும்போது தன் கையைப் பார்த்தார், விரல் நுனியில் மவுஸின் பிசுக்கு. வேட்டியில் தேய்த்தார். போகவில்லை.

பதினாறு என்று எழுதினோம். இருந்தது பதினேழு. இந்த இடத்தில் சிந்தனை ஒவ்வொரு முறையும் கால் தடுக்கியது, தடுக்கியதும் வேறு பக்கம் ஓடியது. பங்குனி பிறப்பதற்கு முன்னாலேயே இப்படி வெயில், ஃபேன் வேறு தலைக்கு மேல் சூட்டை அரைத்து ஊற்றுகிறது, மூத்திர வாடை எங்கிருந்து வருகிறது, மாடிப்படித் திருப்பத்தில் எவனோ, எத்தனை முறை எழுதி ஒட்டியாயிற்று. பதினாறு. ஆறாவது, ஏழாவது, எட்டாவது. அக்டோபர் பதினாறு வியாழக்கிழமை என்ற தேதியோடு ஒன்று நடுவில் நின்றது, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். ஜனவரியில் முதல்முதலாகத் தேதிகளைத் தாளில் குறித்தபோதும் இப்படித்தான் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். மறதியல்ல. பென்சில் அந்த வரியின் மேல் ஒரு நொடி நின்றது, அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நின்று, நகர்ந்தது. அந்த வியாழக்கிழமை கமிட்டி இல்லை. எஸ்தர் ஊரிலேயே இல்லை, மகள் பிரசவத்துக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். போகும்போது, அவசரத்துக்கு வேண்டுமென்றால் என்று, மிஷினை எப்படிப் போடுவது, எதைத் தட்டினால் எது வரும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனாள். மழை. ஆபீசில் யாருமில்லை. மிஷினைப் போட்டது தணிகாசலம். எதற்கு? அவருடைய பழைய மே தினப் பேச்சை எவனோ யூடியூப்பில் ஏற்றியிருந்தான், நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள், அதைப் பார்க்க. நான்கு முறை பார்த்தார். நூற்றுப் பதினாறு ஆயிற்றா என்றும் பார்த்தார். திரையில் ஒரு கிழவன் கழுத்து நரம்பு புடைக்கக் கையை வீசிக்கொண்டிருந்தான், வாயோரம் வெள்ளை நுரை. ஒவ்வொரு கைதட்டலுக்கும் முன்னால் ஒரு கணம் நிறுத்திக் காத்திருந்தான், கைதட்டல் பிந்தினால் கண் அலைந்தது. அன்றைக்கு அது நன்றாக இருந்தது. இன்று அந்த நுரை மட்டும் தெரிகிறது. அந்த நான்கு முறை பார்க்கிற நேரத்தில், இவர் மூக்குக்குக் கீழேயே, அந்தப் பதினேழாவது ஃபோல்டர் தானாக வந்து விழுந்திருக்கிறது. ஒழுங்குக்கு வெளியே ஒரே ஒரு நாள், அந்த நாளில் ஆளாக இருந்தது இவர். சாட்சி முதல் நாளிலிருந்தே கண்ணெதிரே இருந்தது. சாட்சியைத் தாளில் ஏற்றாமல் விட்டார், வாக்கியம் நன்றாக வரவேண்டுமே.

அப்படியானால் யார் சொன்னது. இந்தக் கேள்வி வந்ததும் அவர் எழுந்தார், சன்னல் வரை போனார், நாற்றம் முகத்தில் அடித்தது, திரும்ப வந்து உட்கார்ந்தார். யார் சொன்னது. ஆறு பேரில் வரதப்பன் தலைவர், செத்தாலும் சொல்லமாட்டார். மற்ற நாலு பேரில் இரண்டு பேர் வேலையை இழந்த பதினோரு பேரில் அடக்கம், மிச்ச இரண்டு பேர் மேல் விரல் நீட்ட ஒன்றுமில்லை. கணக்கு எங்கே போனாலும் சுற்றிக்கொண்டு ஒரு வராந்தாவுக்கே வந்தது. லேபர் ஆபீஸ் வராந்தா. ஜனவரி முதல் வாரம், வேறு ஏதோ ஒரு பழைய வழக்குக்காகப் போயிருந்தார். கம்பெனியின் பர்சனல் மேனேஜரும் வந்திருந்தான், முப்பத்தைந்து வயது, சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தான். "உக்காருங்கய்யா." எத்தனை நாளாயிற்று ஒரு நிர்வாகத்து ஆள் அவருக்காக எழுந்து. கேன்டீனிலிருந்து காபி வரவழைத்தான், எவர்சில்வர் டம்ளரில், நுரையோடு. "அய்யா மாதிரி ஆளுங்கல்லாம் இப்ப எங்கய்யா இருக்காங்க. எங்கப்பா உங்க பேச்சக் கேக்க சைக்கிள்ல வருவாராம்" என்றான். இவர் காபியை ஒரு வாய் குடித்தார். "இப்ப சங்கம்னா லெட்டர்பேடு மட்டுந்தானேய்யா" என்றான், மரியாதையாக, வருத்தமாக. அங்கேதான். அந்த இடத்தில்தான். காபியின் இனிப்பு தொண்டையில் இருக்கும்போதே குரல் எழுந்தது, மேடையில் எழுகிற மாதிரியே, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி: "லெட்டர்பேடா? பன்னெண்டாந்தேதி உன் டிரம்மு சுத்துதான்னு பாரு தம்பி." அவன் கண்ணில் ஒன்றும் மாறவில்லை. "சக்கர போதுமாங்கய்யா?" என்று மட்டும் கேட்டான். போதும் என்றார். வெளியே வந்து பஸ் ஏறும்போது நெஞ்சு நிறைந்திருந்தது, சரியான அடி கொடுத்தோம் என்று. வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோனார். மறந்துபோனார் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டார். அந்த வாக்கியம் எங்கேயும் போகவில்லை. இந்த ஃபோல்டர்கள் மாதிரி ஒரு மூலையில், பெயர் தெரியாமல், திறந்தால் அனுமதியில்லை என்று சொல்லிக்கொண்டு கிடந்தது. ஒரு டம்ளர் காபி. விலைபோனவன் என்றால்கூட அதில் ஒரு பேரம் இருக்கும், ஒரு காரணம் இருக்கும். இது நாக்கின் அரிப்பு. குழுவில் தான் உட்பட ஆறு பேர் என்று எண்ணிவிட்டு ஆறாவது ஆளைச் சந்தேகப் பட்டியலில் வைக்க அவருக்குத் தோன்றவேயில்லை. அதை நினைத்தபோது உண்மையாகவே ஓங்கரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு குப்பைக் கூடையை இழுத்தார். ஒன்றும் வரவில்லை, புளித்த நீர்தான். துப்பினார்.

பிறகு நிதானம் வந்தது. அந்த நிதானத்தைப் பற்றி அவருக்குப் பிற்பாடுதான் வெட்கம் வரும், அந்த நேரத்தில் அது வெறும் தெளிவாகத்தான் இருந்தது. மீதியிருந்த ஃபோல்டர்களை மளமளவென்று நீக்கினார். ஒன்பது, பத்து, பதினொன்று. அக்டோபர் பதினாறைக் கடைசியாக வைத்திருந்தார். அதையும் தட்டினார். போயிற்று. திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மணி நாலே முக்கால். இனி என்ன சொல்வது என்று சொற்கள் தாமாகவே வந்து நின்றன, பழகிய சொற்கள்: 'ஊடுருவலின் தடயங்களைத் தொழில்நுட்பத் தோழர் ஒருவரின் உதவியோடு முற்றிலும் அகற்றிவிட்டோம், எனினும் வர்க்க நலன் கருதி, மனிதாபிமான அடிப்படையில், நீக்கத்துக்குப் பதில் தற்காலிக இடைநீக்கம் போதும் என்று முன்மொழிகிறேன்.' பெருந்தன்மையாக வரும். கைதட்டுவார்கள். பாய் கமிட்டிக்கு வரப்போவதில்லை. எஸ்தர் என்ன சொன்னாலும் காட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை. மனிதாபிமானம் என்ற சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். அப்போது திரையின் நடுவில், அவர் கை மவுஸில்கூட இல்லை, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது, ஒரு மஞ்சள் ஃபோல்டர் முளைத்தது. முளைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். சற்று முன்பு வெற்றிடம், இப்போது அது. இருபது எழுத்துக்கு மேல் பெயர். தேதி இன்றையது. இரண்டாவது புதன். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு டெலீட்டைத் தட்டினார். உங்களுக்கு அனுமதியில்லை என்றது. மறுபடி தட்டினார். அனுமதியில்லை. பாய் மாற்றிக் கொடுத்தது பழைய பதினேழுக்குத்தான், இது புதிது, இதற்குச் சொந்தக்காரன் மிஷின். கீபோர்டை இரண்டு கையாலும் குத்தினார். எறும்பின் பாதி உடம்பு துள்ளி மேசையில் விழுந்தது. ஃபோல்டர் அப்படியே இருந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது எஸ்தர். மற்றவர்கள் இரண்டு நிமிடம் கழித்து ஒவ்வொருவராக வந்தார்கள், சிலர் ஷிப்டு முடிந்த ஈரக் காலோடு, ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. அவளோடு யாரும் பேசவில்லை. அவள் வழக்கமாக உட்கார்கிற இடத்தில் தணிகாசலம் உட்கார்ந்திருந்ததால் பக்கத்தில் நின்றாள், நின்றபடியே திரையைப் பார்த்தாள். அவள் மேல் ஃபினாயில் வாசம் அடித்தது. நேற்று வாசல் கழுவியது, இன்னும் போகாத ஃபினாயில்.

"இன்னிக்கும் வந்துடுச்சா" என்றாள்.

"இப்பத்தான் வந்துச்சு" என்றார் அவர். "நான் ஒண்ணும் தொடல."

"நானும் தொடல தோழரே. பதினேழு தடவையும்."

"பிரசுரத்துல பதினாறுன்னு கீது?" என்றார் குழுவில் ஒருத்தர், பையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டே.

"பதினேழு" என்றாள் எஸ்தர். "நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒண்ணு வந்துச்சு. திரும்பி வந்து மிஷினப் போட்டப்ப பாத்தேன்." அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு மிஷினைப் போட்டது யார் என்று அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவுமில்லை. சொல்லிவிடு, நீயே சொல்லிவிடு, என்று தணிகாசலம் அவளிடம் மனதுக்குள் கெஞ்சினார். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் விட்டுவிட்டாள்.

வரதப்பன் கையைத் தட்டினார். எழுபது வயது, முப்பது வருடம் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றதில் காது பெரும்பாலும் போனவர், ஆனாலும் கூட்டத்தை நேரத்துக்கு ஆரம்பிப்பதில் பிடிவாதம். "செயலாளர் தீர்மானத்தச் சொல்லட்டும்" என்றார்.

தணிகாசலம் எழுந்தார். கால் நடுங்கவில்லை, அது பழக்கம். துண்டைச் சரிசெய்துகொண்டார், அதுவும் பழக்கம். "தோழர்களே" என்றார், "வரலாறு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தவறு செய்யாத இயக்கம் இவ்வுலகில் இல்லை. தவறைத் தன் நெஞ்சில் ஏற்றுக்கொள்கிறவன் எவனோ..." என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் எதற்காக நிறுத்தினோம் என்று தெரிந்தது. கைதட்டலுக்காக. மனம் திறந்து ஒப்புக்கொள்ள எழுந்தவன் அதிலும் கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்கிறான். வாயோரம் ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டார்.

"இங்க மைக் இல்ல தோழரே" என்றாள் எஸ்தர். "சும்மா சொல்லுங்க."

சும்மா சொல்வது எப்படி என்று தேடினார். வீட்டில் பேசுகிற குரல் என்று அவருக்கு ஒன்று இருந்ததா, இருந்தால் எங்கே வைத்தார், மனைவி இருந்தவரை அவளிடம்கூடத் தீர்மானம் வாசிக்கிற மாதிரிதான் பேசினார். தொண்டையின் அடியிலிருந்து எதையோ இழுத்தார், வந்தது, மெலிந்து, கரகரத்து, யாரோ ஒரு கிழவனுடைய குரல். சொன்னார். ஒரே வரி. பையிலிருந்து பிரசுரத்தை எடுத்தவர் அதை மடித்தார், பிறகு இன்னும் சின்னதாக மடித்தார். ஒருத்தர் தன் காலைப் பார்த்தார். எஸ்தர் அசையவில்லை.

வரதப்பன் காதில் கையைக் குவித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "இன்னா சொன்னாரு? எனக்குக் கேக்கல. யாராவது சொல்லுங்கப்பா."

பிரசுரத்தை மடித்தவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தணிகாசலம் நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து போய் வரதப்பன் பக்கத்தில் நின்றார். குனிந்தார். காதுமடலில் வெள்ளை மயிர், மயிரில் சுண்ணாம்புத் தூள், அழுக்கு, வியர்வை. குமட்டல் மறுபடியும் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வாயை அந்தக் காதுக்கு இன்னும் அருகில் கொண்டுபோனார்.

"கம்பெனிக்குத் தேதியச் சொன்னது நான்" என்றார். "எஸ்தர் இல்ல. நான்."